பொனற்றை அளந்த புட்டுக்குழல்

என் புட்டுக்குழலில் இன்றைக்கும் எஞ்சின் ஒயில் மணக்கிறது. தேசிக்காய் போட்டுத் தேய்த்தேன், உப்புப் போட்டுத் தேய்த்தேன், வினாகிரியில் ஊறவைத்தேன். மணம் போனபாடில்லை. அப்படி ஒரு மணமும் இல்லை, எல்லாம் உன்னுடைய எண்ணம் என்று என் வீட்டுக்காரர் சாதிக்கிறார். சாதிக்கிறவர் புட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறார். புதிதாக ஒரு குழல் வாங்கலாம். வாங்க மாட்டேன். ஆதாரம் வீட்டில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் இவருடைய காரால் வந்த வினை. லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு வாகனம் நிற்க இடம் உண்டு. ஒரு பக்கம் இவருடைய வான். தமிழ்க் கடைகளுக்குக் கருவாடு, ஒடியல், மிளகாய்த்தூள் எல்லாம் கொண்டுபோய்ப் போடுவது இவர் தொழில். மற்றப் பக்கம் என் சின்னக் கார் நின்றது. ஒருநாள் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்து பார்த்தால், என் காரைத் தெருவில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அதன் இடத்தில், எங்கள் வயதை ஒத்த மஞ்சள் நிற அமெரிக்கக் கார் ஒன்று, பின்பக்கத்தை நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

"இஞ்சருங்கோ, உது என்ன?"

"மஸில் கார். வி எயிற் எஞ்சின். சத்தத்தைக் கேக்கப்போறியே?"

வேண்டாம் என்று சொல்லி நான் வாய் மூடவில்லை, கார்த் திறப்பைத் திருப்பிவிட்டார். எதிர்வீட்டு நாய் ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழே புகுந்துகொண்டதாம். சாப்பாட்டுக்கும் வெளியே வரவில்லை என்று அந்த வீட்டுக்காரி இன்னும் சொல்லித் திரிகிறாள்.

வேறு சமயமாக இருந்தால் அன்றைக்கே வீடு இரண்டுபட்டிருக்கும். ஆனால் அந்தக் கார் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

இவருக்கு ஒரேயொரு அக்கா. எனக்கு மச்சாள். ஜெர்மனியில் இருக்கிறா. இவரும் லண்டனுக்கு வர முன்னர் அங்கே அவவோடுதான் இருந்தவர். கார் கழுவுகிற இடத்தில் இவருக்கு வேலை, பக்கத்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவது மச்சாளுக்கு வேலை. ஒரு பனிக்காலத்தில் மச்சாள் இவருக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்போது, இதேபோல ஒரு மஞ்சள் கார் கழுவ வந்ததாம். "அக்கா, ஒருநாளைக்கு உங்களை இப்பிடி ஒரு காரில முன் சீற்றில வைச்சு ஓடுவன்" என்று இவர் சொன்னாராம். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

சொன்னவர் செய்ததோ வேறு. மச்சாள் லண்டனுக்கு வருகிற ஒவ்வொரு முறையும் எயார்போட்டுக்குப் போவது அந்தக் கருவாட்டு வான்தான். வீட்டுக்கு வந்ததும் மச்சாள் குளிக்கப் போக, இவர் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "இந்த முறையும் அக்காவைக் கருவாட்டோட கருவாடாக் கொண்டுவந்திட்டன்" என்று என்னிடம் புலம்புவார். இப்போது மச்சாள் வேலையிலிருந்து ஓய்வு எடுத்துவிட்டா. முழங்காலும் சரியில்லை. கோடையில் வருவதாகப் போனில் சொன்னவ, "இனி அலைய ஏலாதடா தம்பி, இதுதான் கடைசித் தரம்" என்றும் சொல்லிவிட்டா. அதைக் கேட்ட மனிதர் போனை வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். பிறகுதான் இந்தக் கார் வந்தது. மச்சாளை அதில் ஏற்றி ஆர்ச்வே மேட்டில் இருக்கும் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கேயே வாகனப் பூசையும் செய்ய வேண்டும். அதுதான் திட்டம். இவர் பூசை செய்யாத வாகனம் கிடையாது. புல் வெட்டுகிற மெஷினுக்கும் சந்தனப் பொட்டு வைத்தவர்.

கார் ஓடியது. எஞ்சினுக்கு மேல் இருக்கிற மூடி, அந்தப் பொனற், மூடவில்லை. அதுதான் சிக்கல்.

முன்பு அதை வைத்திருந்த மனிதர் பந்தயத்துக்கு ஆசைப்பட்டு எஞ்சினில் உயரமான மனிஃபோல்ட் ஒன்றைப் பூட்டி, அது இடிக்காமல் இருக்கப் பொனற்றில் பெரிய ஓட்டை வெட்டியிருந்தார். மழை பெய்தால் நேரே எஞ்சினுக்குள். இவருக்கு அது பொறுக்கவில்லை. யாரிடமோ அந்த ஓட்டைப் பொனற்றைக் கொடுத்து, ஓட்டையில்லாத பொனற் ஒன்றை மாற்றிக்கொண்டு வந்து, மஞ்சள் பெயின்ற் அடித்து, மினுக்கி, ஆசையோடு பூட்டி மூடினால், அது கொட்டாவி விட்ட வாய் மாதிரி நிற்கிறது. உள்ளே மனிஃபோல்ட் இடிக்கிறது.

மனிஃபோல்ட் என்றால் என்னவென்று எனக்கு முன்பு தெரியாது. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். காற்றையும் பெற்றோலையும் எஞ்சினுக்குள் பிரித்து அனுப்புகிற அலுமினியக் குழாய்க் கூட்டம் அது. எஞ்சினின் நடுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் தலையில் காபரேட்டர், காபரேட்டரின் தலையில் வட்டமான காற்று வடிகட்டி. கீழே இருக்கிறவர் நெட்டையென்றால் மேலே இருக்கிறவர்கள் பொனற்றை முட்டுவார்கள். ஆகவே குட்டையான மனிஃபோல்ட் ஒன்று வேண்டும். லோ ப்ரொஃபைல் என்று அதற்குப் பெயர்.

இவ்வளவுதானே, குட்டையானதை வாங்கிப் போட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மலேசியத் தம்பி இருக்கிறார். படிக்க வந்து, பிறகு இங்கேயே ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்காளராக இருந்துவிட்டவர். இவருக்குக் கார் விஷயத்தில் வலது கை, இடது கை எல்லாம் அவர்தான். இரண்டு பேரும் என் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மனிஃபோல்ட் பார்க்கத் தொடங்கினார்கள். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை வீட்டார்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். உயரம் என்ன, நிறை என்ன, எந்த இடம், முன்பு யாரிடமாவது இருந்ததா, படம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஏன் எடுத்திருக்கிறார்கள், ஏதாவது குறையை மறைக்கிறார்களோ என்றெல்லாம் ஆராய்ச்சி.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று சரியான குட்டை. மற்றது நடுத்தரம்.

"அண்ணே, ரொம்பக் குட்டையா எடுத்தா பவர் கொறைஞ்சிரும்லா," என்றார் மலேசியத் தம்பி. "காத்து நேரா எறங்கணும். குட்டையில வளைஞ்சு வளைஞ்சு போவும்."

இவருக்கு முகம் வாடிவிட்டது. "ஆர்ச்வே மேடு ஏற வேணுமே."

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த மேட்டில டபுள் டெக்கர் பஸ் ஏறுது. சைக்கிள்காரன் ஏறுறான். பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு பொம்பிளையள் ஏறினம். உங்கட வி எயிற் மட்டும் ஏறாதோ? பொனற் மூடுறதாப் பாத்து வாங்குங்கோப்பா."

"நீ சும்மா இரு. உனக்கு உது விளங்காது."

"அளந்து பாத்துருவோம், அண்ணி," என்றார் தம்பி சமாதானமாக. "நடுத்தரம் கொள்ளுதா இல்லையான்னு அளவே சொல்லட்டும்."

அந்த அளவெடுப்பு நடந்த சனிக்கிழமை நான் வேலையில் இருந்தேன். இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நடந்ததை இருவரும் பிறகு தனித்தனியே, ஆளையாள் குற்றம் சொல்லிக்கொண்டு எனக்குச் சொன்னார்கள். பழைய மனிஃபோல்ட்டைக் கழற்றிவிட்டு, அந்தப் பள்ளத்தில் களிமண்ணை உயரமாகக் குவித்து வைத்துப் பொனற்றை மூட வேண்டும். பொனற் களிமண்ணை அமத்தும். திறந்து, மிஞ்சி நிற்கிற உயரத்தை அளந்தால் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வீடியோவில் வெள்ளைக்காரர் அப்படித்தான் செய்து காட்டினாராம். பிள்ளைகள் விளையாடுகிற களிமண் கடையில் இருக்கிறது. கடைக்குப் போக இவர்களுக்குப் பஞ்சி. இவர் குசினிக்குள் போனார். என் சட்டியிலிருந்து ஒரு பெரிய உருண்டை மாவை எடுத்தார். மா சரிந்து விழாமல் நிமிர்ந்து நிற்க ஏதாவது வேண்டுமே என்று தம்பி கேட்க, என் புட்டுக்குழலையும் எடுத்தார். குழலுக்குள் மாவை அடைத்து, மேலே கொஞ்சம் மாவைத் தலைப்பாகை மாதிரி வைத்து, எஞ்சின் பள்ளத்தில் நிறுத்தி, பொனற்றை மூடித் திறந்தார்கள். தலைப்பாகை அழகாக அமுங்கியிருந்ததாம்.

அங்கேயே அளந்திருக்கலாம். வெளியே குளிர், அளவுகோல் வீட்டுக்குள். குழலை அப்படியே குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு உள்ளே வந்து, ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, கிரிக்கெற் ஸ்கோரும் பார்த்துவிட்டு, ஆறுதலாக அளந்தார்கள். நடுத்தர மனிஃபோல்ட் தாராளமாகக் கொள்ளும் என்று அளவு சொன்னது. இருவருக்கும் புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். அன்றைக்கே ஓடர் கொடுத்துவிட்டார்கள். நான் வந்தபோது குழல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. என்ன ஞானோதயம், பாத்திரமெல்லாம் கழுவியிருக்கிறார் என்று நான் மகிழ்ந்துகூடப் போனேன்.

அன்றைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கவென்று நான் உள்ளே மீன் கறி வைத்த பன், எங்கள் மீன் பணிஸ், சுட்டேன். எண்ணிக்கை ஏனோ குறைந்தது. மா சரியாகப் பொங்கவில்லையாக்கும், ஈஸ்ற் பழசு என்று கடைக்காரரைத் திட்டினேன்.

அமெரிக்காவிலிருந்து கப்பலில் புறப்பட்ட மனிஃபோல்ட் மச்சாள் வருவதற்கு முதல்நாள்தான் வந்து சேர்ந்தது. காலையிலிருந்து இருவரும் எஞ்சினுக்குள் தலையை விட்டபடி. மத்தியானம் பூட்டி முடித்தார்கள். இவர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். பொனற்றைப் பக்குவமாக இறக்கினார். ஒரு விரற்கடை இடைவெளியில் அது நின்றுவிட்டது. தள்ளினார். துள்ளி மேலே வந்தது. தம்பி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் அமத்தினார்கள். துள்ளியது. பிறகு இவர் பொனற்றில் ஏறி இருந்து பார்த்தார். தம்பியும் ஏறி இருந்தார். பிறகு இருவருமாக என்னைப் பார்த்தார்கள்.

"நீயும் ஒருக்கா இருந்து பாரன்."

அந்தப் பார்வையை நான் இந்தப் பிறவியில் மறக்கப் போவதில்லை. "உங்களுக்கு விசரே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போகத் திரும்பினேன். அப்போது தம்பி, "அளவு தப்பவே தப்பாது அண்ணே, நாமதான் மாவு வச்சு அளந்தோமே" என்று முணுமுணுத்தார்.

நான் நின்றேன். "என்ன மா?"

"ரொட்டி மா," என்றார் இவர்.

"அண்டைக்கு நான் ரொட்டிக்குக் குழைக்கேல்லையே. எந்தச் சட்டியில எடுத்தனீங்கள்?"

"ஈரத்துணி போட்டு மூடியிருந்த சட்டி."

எனக்கு எல்லாம் வெளித்தது. ஈஸ்ற் போட்ட பணிஸ் மாவை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கிரிக்கெற் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அது குழலுக்குள் கிடந்து சும்மா இருக்குமா? பொங்கி மேலே வந்திருக்கிறது. பொங்கினதைத்தான் இவர்கள் அளந்திருக்கிறார்கள். நான் வாசற்படியில் இருந்து வயிறு நோகச் சிரித்தேன். கண்ணால் தண்ணீர் வந்தது. தம்பியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். என் குழலை எஞ்சினுக்குள் வைத்தார்கள் என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது. ஏசுவதற்கு வாயைத் திறந்துகொண்டு நிமிர்ந்தேன்.

இவர் சிரிக்கவில்லை. நடைபாதை ஓரத்தில் குந்திவிட்டார்.

"நாளைக்கு அக்கா வாறா," என்றார்.

குட்டை மனிஃபோல்ட்டை இனி ஓடர் கொடுத்தால் மச்சாள் திரும்பிப் போன பிறகுதான் வரும். பழையதைத் திரும்பப் பூட்டினால் இன்னும் உயரம். ஓட்டைப் பொனற்றும் கைவிட்டுப் போய்விட்டது. எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகப் போய்விட்டது. ஏச்சை விழுங்கிவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

அடுத்தநாள் எயார்போட்டுக்கு வான்தான் போனது. மச்சாள் கைத்தடியோடு வந்து, முன் சீற்றில் ஏறி, பெல்ற்றைப் போட்டுக்கொண்டு மூச்சை இழுத்தா. "எட, பாரைக் கருவாடு போல கிடக்கு. நல்ல மணம்," என்றா. இவர் அதை ஆறுதலுக்குச் சொன்ன பேச்சாக எடுத்துக்கொண்டு இன்னும் சோர்ந்துபோனார்.

வீட்டு வாசலில் மஞ்சள் கார் வாயைத் திறந்தபடி நின்றது. இவர் மனிஃபோல்ட், மா, குழல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அக்காவிடம் ஒப்புவித்தார். மச்சாள் தடியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டா.

"எஞ்சின் ஓடுமோ?"

"ஓம் அக்கா."

"பிரேக் பிடிக்குமோ?"

"ஓம்."

"அப்ப மூடி என்னத்துக்கு? கறி கொதிக்கேக்க திறந்துதானே விடுறனாங்கள். உதைக் கழட்டி வைச்சிட்டு வா, கோயிலுக்குப் போவம்."

பொனற்றைக் கழற்றினார்கள். வைக்க இடமில்லாமல் வரவேற்பறை சோபாவில் படுக்கவைத்தார்கள். பெயின்ற் உரசக் கூடாதென்று இவர் அதற்கு என் போர்வையையும் போர்த்திவிட்டார். கூராக ஒன்றும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று தம்பி சொல்ல, பொனற் இருந்த கீல்களின் நுனியில் டெனிஸ் பந்துகளை வெட்டிச் சொருகினார்கள். இவ்வளவு காலம் விம்பிள்டனுக்குக் கிட்ட இருந்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு பிரயோசனம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். மச்சாள் பட்டுச்சேலையோடு முன் சீற்றில். நானும் தம்பியும் பின்னால், மடியில் தேங்காய், பழம், சில்லுக்குக் கீழே வைக்கத் தேசிக்காய். பொனற் இல்லாத எஞ்சின் போட்ட சத்தத்தில் ஸ்ட்ரெத்தம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிரிக்ஸ்டன் சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ் சாரதி கண்ணாடியைத் திறந்து, மூடி எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். சோபாவில் படுத்திருக்கிறது என்று இவர் உண்மையைச் சொன்னார். ஆற்றைத் தாண்டினதும் தூறல் விழுந்தது. எஞ்சினில் அது கடுகு தாளிக்கிற மாதிரி வெடித்தது. இவர் வழி நெடுக அக்காவுக்கு ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். மச்சாள் காதில் கையை வைத்துக்கொண்டு "ஆ? என்ன?" என்று கேட்டபடியே வந்தா.

ஆர்ச்வே மேட்டில் கார் குரங்கு மாதிரி ஏறியது. அதை மறுக்க முடியாது. இவர் ஓரக்கண்ணால் அக்காவின் முகத்தைப் பார்த்தார். மச்சாள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா.

வாகனப் பூசைக்கு வந்த ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு காரை ஒருமுறை சுற்றினார்.

"பொனற் எங்கை?"

"வீட்டில, ஐயா."

ஐயர் காரை இன்னொருமுறை சுற்றினார். பொட்டு வைக்க இடம் தேடிக் காற்று வடிகட்டியின் மூடியில் வைத்தார். வைத்த சூட்டிலேயே சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. பிறகு கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு எஞ்சினுக்குக் கிட்ட வந்தார். தம்பி பாய்ந்து நடுவில் நின்றார். "ஐயா, பெட்ரோல், பெட்ரோல்." அதன் பிறகு ஐயர் கோயில் வாசலுக்குப் போய், அங்கே நின்றபடி தெருவுக்குக் குறுக்காகக் காருக்குத் தீபம் காட்டினார். நடுவில் போன பஸ்ஸுக்கும் அந்த ஆசீர்வாதத்தில் பங்கு கிடைத்திருக்கும்.

பூசை முடிந்து சர்க்கரைப் பொங்கலோடு ஒரு ஓரமாக இருந்தோம். இவரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"எப்பிடியக்கா? மூடி இல்லாட்டிலும், சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டன் தானே?"

"என்ன சொல்லு?"

இவர் திகைத்துப் போனார். கார் கழுவுகிற இடம், பனி, மஞ்சள் கார் என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினார். மச்சாள் பொங்கலை மென்றுகொண்டே யோசித்தா.

"மஞ்சள் கார் எனக்கு ஞாபகம் இல்லையடா. முன் சீற் ஞாபகம் இருக்கு. அது நான்தான் உன்னட்டக் கேட்டனான். அந்த நேரம் எங்களை வேலைக்கு ஏத்திக்கொண்டு போற வானில பின்னுக்கு நிலத்திலதானே இருத்தி வைக்கிறவங்கள். யன்னலும் இல்லை. ஒவ்வொரு நாளும் சத்தி எடுத்துக்கொண்டு போவன். முன்னுக்கு இருந்து ரோட்டைப் பாத்துக்கொண்டு போனாக் காணும் எண்டு உன்னட்டச் சொன்னனான்."

இவர் கையிலிருந்த பொங்கலைக் கீழே வைத்தார்.

"நீ லண்டனில வான் வாங்கின உடனேயே அதைச் செய்திட்டாய். எத்தினை தரம் என்னை முன்னுக்கு வைச்சுக் கொண்டுவந்திட்டாய். நான் அதை ஊரெல்லாம் சொல்லித் திரியிறன்." மச்சாள் கையைத் துடைத்தா. "இந்தக் காரும் நல்லதுதான். ஆனா நீ கதைக்கிறது ஒண்டும் கேக்கேல்லை. திரும்பிப் போகேக்க என்னை வானில கொண்டுபோய் விடு."

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொங்கலில் ஏலக்காய் கூடிவிட்டதாம். ஏலக்காய்க்குக் கண் கலங்குகிற ஒருவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தம்பி எழும்பிப் போய்க் காரின் டெனிஸ் பந்துகளைச் சரிபார்க்கத் தொடங்கினார்.

மச்சாள் போகிற நாளில் வானில்தான் போனோம். நான் இருவருக்கும் நடுவில், காலுக்குக் கீழே மிளகாய்த்தூள் மூட்டை. இவர் விடாமல் கதைத்தார், மச்சாள் விடாமல் சிரித்தா. எயார்போட்டில் இவர் அக்காவின் பையை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசித் தரம் என்று சொல்லித்தானே வந்தவ. மச்சாள் பையைக் கழற்றி வாங்கிக்கொண்டு சொன்னா.

"உந்தப் பொனற் பூட்டினாப் பிறகு சொல்லு. வந்து பாக்கிறன்."

அவ உள்ளே போய் மறையும்வரை கையைக் காட்டிவிட்டு, அந்த இடத்திலேயே நின்றபடி போனை எடுத்தார். பவர் என்ற பேச்சு இல்லை, ஆர்ச்வே மேடு என்ற பேச்சு இல்லை, தம்பியிடமும் கேட்கவில்லை. அளக்கவும் இல்லை. இருப்பதிலேயே குட்டையான மனிஃபோல்ட்டை ஓடர் கொடுத்துவிட்டு, "வா, போவம்" என்றார்.